பதினான்காம் அச்சு

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. ஆகவே சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இதைத் தொடங்க முடியாது. எனக்கு இப்போது பதினேழு வயது. உயர்தர வகுப்பில் படிக்கிறேன். நீ இதை வாசிக்கும்போது என்னைவிட உயரமாக, மீசை வைத்த ஒரு ஆளாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன தவணையில் தமிழ் ரீச்சர் எங்களுக்கு, வெளிநாடு செல்லும் மகனுக்குத் தாய் எழுதும் கடிதம் என்று ஒரு கட்டுரை தந்தார். நேரத்துக்குச் சாப்பிடு, கெட்ட கூட்டாளிகளோடு சேராதே, பனியில் தலையை மூடிக்கொள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'நன்று' என்று போட்டுத் தந்தார். அதில் எனக்குச் சொந்தமாகத் தெரிந்த விஷயம் ஒன்றுகூட இல்லை. இன்றைக்குப் பயத்தில் நித்திரை வரவில்லை. யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. இந்த வீட்டில் எதை யாருக்குச் சொன்னாலும் அது அம்மாவின் காதுக்குப் போய்விடும். உனக்குச் சொன்னால் மட்டும் போகாது. நீ ஓடிப்போய்ச் சொல்லக்கூடிய அம்மா நான்தான்.

விடிந்ததும் ஒரு மனிதர் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார். என் அப்பாவைத் தேடிக் கடைக்கு வருவார். மூன்று மாதமாக அப்பா தனக்கு எழுதிவந்தார் என்று அவர் நம்புகிறார். அப்படி ஒரு எழுத்துப் போக்குவரத்து நடப்பதே அப்பாவுக்குத் தெரியாது. எழுதியது முழுக்க நான். அது மட்டும் என்றால் ஏச்சு வாங்கிக்கொண்டு போய்விடலாம். அப்பாவின் பெயரில் நான் எழுதியதில் ஒன்று பிழை என்று இன்று பின்னேரம்தான் எனக்குத் தெரிந்தது. அவர் அந்த ஒன்றை நம்பித்தான் பஸ் ஏறியிருக்கிறார்.

இது ஏன் பெரிய விஷயம் என்று விளங்க வேண்டுமென்றால் என் அப்பாவின் கடையை நீ அறிய வேண்டும். துறைமுகப் பக்கம், உட்துறைமுக வீதியில் இருக்கிறது. ஜப்பானில் ஆட்கள் பாவித்துக் கழித்த சாமான்கள் கப்பலில் கொழும்புக்கு வந்து, அதில் ஒரு பங்கு லொறியில் எங்களிடம் வரும். சைக்கிள், அலுமாரி, தையல் மெசின், கதிரை, பீங்கான் கோப்பை. எல்லாம் பாவித்தவை என்பதால் எதிலாவது ஒரு குறை இருக்கும். அப்பா சாமானை இறக்கியதும் முதலில் செய்கிற வேலை குறை தேடுவதுதான். கோப்பையில் கீறல் இருந்தால் அதன் பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். சைக்கிளின் பிறேக் சரியில்லை என்றால் பிறேக்கில் நூல். விலை கேட்கிற ஆளுக்கு நூல்தான் முதலில் கண்ணில் படும். அம்மா ஏசுவாள். "கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்க வாறவனுக்கு முதல்ல காலில இருக்கிற புண்ணைக் காட்டுறது போல கிடக்கு உங்கட யாவாரம்." அப்பா சிரிப்பார். நூலை எடுக்க மாட்டார். அப்படிப்பட்ட ஆளின் பெயரில்தான் நான் ஒரு பொய்யை உறுதியாக எழுதிவைத்திருக்கிறேன்.

புத்தகங்கள் எங்களிடம் வந்த கதையைச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு அலுமாரி வந்தது. அதற்குள் பீங்கான் தட்டுகளை அடுக்கி, ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க இடைவெளிகளில் துணியும் கடதாசியும் திணித்திருந்தார்கள். துணி போதவில்லைப் போலும். ஓர் இடத்தில் ஐந்து சின்னப் புத்தகங்களைச் செருகியிருந்தார்கள். மங்கா என்று சொல்கிற ஜப்பானியச் சித்திரக்கதை, ஒரே கதையின் முதல் ஐந்து தொகுதிகள். கடை வாசலில் கொட்டுகிற கடதாசியையும் அட்டைப்பெட்டியையும் எங்கள் ஊரில் மாடுகளைப் போலத் தெருவில் திரியும் மான்கள் வந்து தின்றுவிடும். அப்பா இந்த ஐந்தையும் அந்தக் குவியலில் போட்டிருக்கலாம். சைக்கிள் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். "இந்தா பிள்ளை, படம் போட்ட புத்தகம். கப்பல்ல வந்த வழி முழுக்கத் தட்டைக் காப்பாத்திக்கொண்டு வந்திருக்குது, எறிய மனம் வரேல்ல." அந்த மனத்துக்கு நான் எத்தனை தரம் நன்றி சொல்லியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. நீ உன் பிள்ளைக்கு எதையாவது கொண்டுவரும்போது அது என்ன விலை பெறும் என்று பார்த்துக் கொண்டுவராதே. என் அப்பா பார்க்கவில்லை.

ஜப்பானியப் புத்தகம் எங்களுடையதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து திறக்கும். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. தமிழ்ப் புத்தகம் போலத்தான் திறந்தோம். முதலில் வந்த பக்கத்தில் படம் இல்லை. எழுத்துகள் மட்டும் மேலிருந்து கீழாக நிரல் நிரலாக இருந்தன. எங்கள் புத்தகங்களில் முதற்பதிப்பு, பதிப்பகம், விலை என்று முன்பக்கத்தில் போடுவார்களே, அதைப் போலத்தான் இதுவும் என்று அப்பா சொன்னார். அது உண்மையில் புத்தகத்தின் கடைசிப் பக்கம். ஆனால் அவர் சொன்னது சரி. பிழையான பக்கத்தால் திறந்தபடியால், கதைக்கு முன்னமே புத்தகத்தின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துவிட்டேன்.

அம்மா அந்த ஐந்தையும் கண்டதும் பள்ளிப் புத்தகம் என்றே எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வருடமும் தவணை தொடங்கும்போது பிறவுண் பேப்பர் வாங்கிவந்து என் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் உறை போடுவது அவளுடைய வேலை. ஒரு சுருக்கமோ, பிசின் வழிந்த இடமோ இருக்காது. மங்காவுக்கு ஏற்கெனவே வழவழப்பான ஒரு கடதாசி உறை இருந்தது, தனியாகக் கழன்று வரும். அதன்மேல் கீழ்ப்பாதியைச் சுற்றி இடுப்புப்பட்டி மாதிரி இன்னொரு துண்டுக் கடதாசி. பட்டியை உருவி வெளியே போட்டுவிட்டு, வழவழப்பு உறையின் மேல் பிறவுண் பேப்பரைப் போட்டாள். பட்டிகளை மான் தின்றது. முதலாம் தொகுதியை மட்டும் நான் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன் என்று அடம்பிடித்தேன். களவு போனாலும் ஆருடையது என்று தெரியவேண்டும் என்று, அந்த எழுத்துப் பக்கத்தில், இடப்பக்கமாக, என் பெயரும் வகுப்பும் எழுதிய லேபிளை ஒட்டிவிட்டாள். பாடம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, 'சித்திரம்' என்று எழுதினாள்.

வளர வளர, கடைப் போனில் தேடித் தேடி அந்தப் பக்கத்தை வாசிக்கப் பழகினேன். எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. அந்த ஒரு பக்கத்துக்கு வேண்டிய எழுத்துகள் மட்டும் தெரியும். உனக்கும் சொல்லிவைக்கிறேன். அந்தப் பக்கத்தில் 'முதலாம் அச்சு' என்றும் அது வெளிவந்த நாளும் ஒரு வரியில் இருக்கும். ஆண்டைத் தங்கள் அரசர் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணுவார்கள், அதைக் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். முதலாம் அச்சு என்று இருப்பதைக் கண்டதும் துள்ளிக் குதிக்கக்கூடாது. எத்தனை தரம் திரும்ப அச்சிட்டாலும் அந்த முதல் வரியை அவர்கள் எடுப்பதில்லை. அதற்குப் பக்கத்தில், இத்தனையாம் அச்சு, இந்த நாள் என்று இன்னொரு வரியைச் சேர்ப்பார்கள். ஆகவே தேட வேண்டியது முதல் வரியை அல்ல, இரண்டாம் வரியை. அது இல்லாவிட்டால்தான் முதல் அச்சு. அதற்குப் பிறகு உறையைப் பார்க்க வேண்டும். உறை கழன்று வருவதால் ஒன்றினுடையதை ஒன்றுக்கு மாற்றிவிடலாம். உறையின் உள்மடிப்பில் அந்தக் கதையின் தொகுதிகளைப் பட்டியல் போட்டிருப்பார்கள். இரண்டாம் தொகுதியின் உறையில் ஐந்து வரைக்கும் பட்டியல் இருந்தால், அந்த உறை ஐந்தாவது வெளிவந்த பிறகு அச்சிட்டது. முதுகு வெயிலில் வெளிறியிருக்கிறதா என்பதெல்லாம் பிறகுதான். எங்களுடையது வெளிறவே இல்லை. அம்மாவின் பிறவுண் பேப்பருக்குள் கடல்காற்றும் வெயிலும் போகவில்லை. பட்டியை எறிந்தவளும் அவள்தான், மிச்சத்தைக் காப்பாற்றியவளும் அவள்தான். இரண்டையும் சேர்த்தே அவளை நினைக்கிறேன்.

கொழும்பு மனிதர் வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியர். பழைய மங்கா சேர்க்கிறவர். கடைச் சாமான்களைப் போனில் படம் எடுத்து இணையத்தில் போடுவது என் வேலை. நான் போட்ட ஒரு அலுமாரிப் படத்தில், மேலே நான் பிறவுண் பேப்பரைக் கழற்றி வைத்திருந்த இரண்டாம் தொகுதி தெரிந்திருக்கிறது. 'ஐயா, அலுமாரி வேண்டாம், மேலே இருக்கும் புத்தகம் எத்தனையாம் அச்சு?' என்று கேட்டு எழுதினார். அப்பாவிடம் காட்டினேன். "எனக்கென்ன தெரியும், நீ பாத்துச் சொல்லு" என்றார். சொன்னேன். அவர் திரும்பவும் 'நன்றி ஐயா' என்று எழுதினார். நான் ஐயா இல்லை, அவருடைய மகள் என்று அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. தெரியாத ஆணோடு போனில் கதைக்கிறேன் என்று அம்மா அறிந்தால் போன் மட்டுமல்ல, ரியூசனும் நின்றுவிடும் என்று பயம். இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐயா என்று அழைக்கப்படுவது எனக்குப் பிடித்திருந்தது. என்னை யாரும் இதுவரை எதையும் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. அப்பாவின் கண்ணில் படாமல் அந்த உரையாடலை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று மாதம் ஐயாவாக இருந்தேன்.

முதலாம் தொகுதியின் உறையில் ஐந்து வரைக்கும் பட்டியல் இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உறைதான் மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவருக்கும் அப்படியே எழுதினேன். உள்ளே முதலாம் அச்சு வரி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அம்மாவின் லேபிள். மற்ற நான்கிலும் அந்த இடத்தில் பதிப்பகத்தின் பெயர்தான், இதிலும் லேபிளுக்கு அடியில் அதுதான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். 'ஐந்தும் முதல் அச்சு என்று உறுதியாகச் சொல்கிறேன்.' இது நான் அப்பாவின் பெயரில் எழுதிய வசனம். அவர் நேரில் வந்து வாங்குகிறேன் என்றார். இன்று பின்னேரம், வருகிற ஆளுக்குத் துப்புரவாகக் கொடுப்போம் என்று, கேத்தல் ஆவியில் லேபிளைப் பிடித்து மெல்ல உரித்தேன். அடியில் இரண்டாம் வரி இருந்தது. பதினான்காம் அச்சு.

போனை எடுத்தபோது அவரிடமிருந்து செய்தி வந்து கிடந்தது. 'பஸ் ஏறிவிட்டேன் ஐயா. உங்களைச் சந்திக்கப் போவதில் மகிழ்ச்சி.'

மகனே, புத்தி சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் இப்போது என்னிடம் உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் அப்பாவிடம் சொல்லப் போகிறேன்.

இனி எழுதுவது அடுத்த நாள் எழுதுவது. சனிக்கிழமை என்பதால் பள்ளி இல்லை. அப்பா கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் போனையும் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, ஒரு கதை சொல்ல வேணும். கோவிக்கக் கூடாது."

"அப்ப கோவிக்கிற கதைதான். சொல்லு."

சொன்னேன். தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, துவாயால் துடைத்துக்கொண்டு, கிணற்றுக் கட்டின்மேல் இருந்தார். "என்ர பேரில என்ன எழுதினனி? கண்ணாடி உள்ள கிடக்கு. நீயே வாசி."

வாசித்தேன். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. "'வணக்கம் ஐயா. தங்கள் வினாவுக்கு நன்றி. நூல்களின் நிலை திருப்திகரமானது.'"

"ஆரடி இந்த மனுசன்?" என்றார் அப்பா. "நான் எப்ப 'திருப்திகரம்' எண்டு சொன்னனான்?"

"'காகிதப் பட்டிகளை வீட்டில் உள்ளவர்கள் அறியாமல் எறிந்துவிட்டார்கள். மான் தின்றுவிட்டது.'"

குசினி யன்னலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அறியாமலோ? தூசு பிடிச்சுக் கிடந்தது, அறிஞ்சுதான் எறிஞ்சனான். ஆருக்கு என்னைப் பற்றி எழுதினது?" பிறகு அவள் அகப்பையோடு வெளியே வந்தாள். முழுவதும் கேட்டிருக்கிறாள். "இஞ்ச பாருங்கோ, மூண்டு மாசமா ஆரோ ஒரு ஆம்பிளையோட கதைச்சிருக்கிறாள்! நீங்கள் குந்திக்கொண்டு சிரிக்கிறியள்."

"அவள் எங்க கதைச்சவள்? நான்தானே கதைச்சிருக்கிறன். நல்ல மரியாதையாத்தான் கதைச்சிருக்கிறன்."

"உங்களுக்குப் பகிடி."

"பகிடி இல்லை. தா போனை." அவர் வாங்கி, கண்களைச் சுருக்கி, ஒவ்வொரு செய்தியாக மேலே தள்ளிக்கொண்டு போனார். அம்மாவும் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தாள். மூன்று மாதமும் அச்சு, உறை, பட்டி, மடிப்பு, இவைதான். அம்மாவின் முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. "இந்த மனுசனுக்கு வீட்டில வேலை இல்லையோ?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா போனைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தார். சிரிப்பு போயிருந்தது. "உறுதியாச் சொல்லுறன் எண்டு ஒரு இடத்தில கிடக்கு. அதுதான் பிழையோ?"

"ஓம் அப்பா."

"வாறவருக்கு ஆர் சொல்லுறது?"

"நீங்கள் சொன்னா..."

"எனக்கு உந்த வரியும் மடிப்பும் விளங்காது பிள்ளை. வெளிக்கிட்டுக் கடைக்கு வா. நீதான் சொல்ல வேணும்."

"எனக்கு ஏலாது அப்பா."

"ஏலாதெண்டா முதல் நாளே ஏலாதெண்டு எழுதியிருக்க வேணும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அந்த வசனம் மட்டும் இன்று முழுக்க என் காதில் இருந்தது.

பல் வைத்தியர் நான் நினைத்த மாதிரி இல்லை. கொழுத்த, வழுக்கை விழுந்த ஒருவர் வருவார் என்று இருந்தேன். வந்தவர் மெலிந்த ஆள். முதுகில் பை, கையில் குடை, ஒரு பக்கத் தலைமயிர் பஸ் யன்னலில் சாய்ந்து படிந்திருந்தது. நான் அலுமாரி ஒன்றுக்குப் பின்னால் நின்றேன். அவர் அப்பாவைக் கண்டதும் இரண்டு கையாலும் கும்பிட்டார். "ஐயாவைக் காண வேணுமெண்டு கன நாள் ஆசை. உங்களளவுக்கு விபரம் தெரிஞ்ச ஆள் கொழும்பிலயே இல்லை."

அப்பா கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். "இருங்கோ தம்பி. தேத்தண்ணி குடிக்க முதல் ஒண்டு சொல்ல வேணும். முதலாம் புத்தகம் முதல் அச்சில்லை. பதினாலாவது."

அவர் எழுந்துவிட்டார். "நீங்கள் உறுதியாச் சொன்னீங்களே ஐயா."

மகனே, இந்த இடத்தில் அப்பா என்னைக் காட்டிக்கொடுத்துவிடலாம். பிள்ளை விளையாட்டுத்தனமாக எழுதிவிட்டாள் என்று சொன்னால் அவருடைய பெயர் துப்புரவாகிவிடும். அது உண்மையும்கூட. நான் அலுமாரிக்குப் பின்னால் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா, "ஓம், சொன்னனான்" என்றார். "என்ர போனில, என்ர பேரில சொன்னது. பிழை என்னோட. இரவிரவா வந்திருக்கிறீங்கள், மன்னிச்சுக் கொள்ளுங்கோ. எப்பிடிப் பிழைச்சது எண்டதை மட்டும் என்ர மகள் சொல்லுவா, எனக்கு அது விளங்காது. பிள்ளை, வெளியில வா."

யாரும் என்னைத் தள்ளவில்லை. நானாகத்தான் வெளியே வந்தேன். புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்து விரலால் காட்டினேன். இது முதல் வரி. இதுதான் லேபிள் இருந்த இடம். மற்ற நான்கிலும் இந்த இடத்தில் பதிப்பகத்தின் பெயர் இருந்தது. அதனால் இங்கும் அதுதான் என்று நினைத்துவிட்டேன். நேற்றுத்தான் லேபிளை உரித்தேன். அவர் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் எனக்கு எழுதினது தங்கச்சி, நீங்களோ?"

தலையாட்டினேன்.

"உறை பிந்தினது எண்டு எழுதினதும் நீங்கள்தானே. அதை வாசிச்சிட்டும் நான் பஸ் ஏறினன். நானும் யோசிச்சிருக்க வேணும்." அவருக்குக் கோபம் இருந்தது. சிரிக்கவில்லை, தேத்தண்ணியைத் தொடவும் இல்லை. கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு மான் அட்டைப்பெட்டியின் மூலையைக் கடித்து இழுத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "மான் கதை உண்மையோ?" என்றார். "பட்டி இல்லாததுக்குச் சாட்டா ஐயா விடுற புளுகு எண்டுதான் நினைச்சனான்." அப்போதுதான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார்.

மற்ற நான்கையும் ஒவ்வொரு வரியாக, மடிப்பு மடிப்பாக இருவரும் சேர்ந்து பார்த்தோம். நான்கும் நான் சொன்னபடியே இருந்தன. மத்தியானம் அம்மா சோற்றுப் பாத்திரத்தோடு கடைக்கு வந்தாள். அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க வந்தாள் என்பது எனக்குத் தெரியும். வந்தவர் சாப்பிடாமல் போகக்கூடாது என்று அவருக்கும் போட்டாள். பிறகு பயந்த குரலில் கேட்டாள். "தம்பி, என்ர லேபிளாலையோ அது பழுதாப் போனது? நான் ஒட்டாம விட்டிருந்தா முதல் அச்சா இருந்திருக்குமோ?"

"இல்லை அம்மா. பதினாலாவதா வந்தது, பதினாலாவதாத்தான் இருக்குது" என்றார் அவர். "ஆனா நீங்கள் உறை போட்டிருக்காட்டி, இந்தக் கடல் காத்துக்கு மற்ற நாலும் எனக்குப் பிரயோசனப்பட்டிருக்காது." அம்மா அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

நான்கையும் அவர் வாங்கிக்கொண்டார். முதலாவதைத் திருப்பித் தந்தார். தனக்கு முதல் அச்சு வேறு எங்காவது கிடைக்கும், அதுவரைக்கும் தன் அலுமாரியில் அதன் இடம் வெறுமையாக இருக்கட்டும் என்றார். பஸ்ஸுக்குப் போகும்போது அப்பாவிடம், "இனிமேல் ஏதாவது கேக்கிறதெண்டா ஆருக்கு ஐயா எழுதுறது?" என்று கேட்டார். "என்ர போனுக்குத்தான்" என்றார் அப்பா. "ஆனா 'பிள்ளை' எண்டு எழுதுங்கோ. நான் பக்கத்தில இருந்து பாப்பன்." அம்மா இரவு தன் சட்டத்தையும் சேர்த்துவிட்டாள். போன் இனி வீட்டின் முன்னறையில்தான், கதவு திறந்திருக்க வேண்டும், ஒன்பது மணிக்குப் பிறகு இல்லை. ரியூசன் நிற்கவில்லை. நான் இதைவிடக் கூடுதலாக எதையும் கேட்கவில்லை.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்று இன்று கிடைத்தது. நீ என் பெயரைச் சொல்லி எங்காவது பிழை விட்டால் என்னிடம் வந்து சொல். என் அப்பா செய்ததை நானும் செய்வேன் என்று இப்போதே எழுதிவைக்கிறேன். செய்ய மனம் வராத நாளில் இந்தக் கடிதத்தை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டு.

சாப்பிட்ட பிறகு அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாம் தொகுதியைக் கையில் எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து, நான் காட்டிய வரியில் விரலை வைத்தார். "இதுதானே பதினாலு?"

"ஓம்."

"அப்ப இதுக்கு முதல் பதின்மூண்டு தரம் அடிச்சு, அவ்வளவும் வித்து முடிஞ்சிருக்கு."

"ஓம் அப்பா."

"அப்ப சனம் தேடித்தேடி வாங்கி வாசிச்சிருக்குது. நல்ல புத்தகமாத்தான் இருக்க வேணும்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "என்ன கதை?"

மூன்று மாதமாக அந்தப் பல் வைத்தியர் இதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து இந்த வீட்டில் இருக்கும் புத்தகம், ஒருவரும் கேட்கவில்லை. "எனக்கு வாசிக்கத் தெரியாதே அப்பா" என்றேன்.

"படம் பாத்திருப்பாய்தானே. தெரிஞ்சதைச் சொல்லு."

குசினியில் அரிசி மா அரிக்கும் சத்தம் நின்றது. "கொஞ்சம் பலத்துச் சொல்லு" என்றாள் அம்மா.

"ஒரு மலைநாட்டு ஊர்" என்று தொடங்கினேன். "அங்க தபால் கொண்டுபோற ஒரு பெட்டை. அவளிட்ட ஒரு நொண்டிக் குதிரை."

"குதிரை ஏன் நொண்டி?" என்று கேட்டார் அப்பா.

அது மூன்றாம் தொகுதியில் வரும். மூன்றாம் தொகுதி அந்த நேரம் ஒரு பல் வைத்தியரின் பைக்குள் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் அந்தப் படம் இருந்தது என்று எனக்குத் தெரியும். பனியில் ஒரு பாலம், ஒரு சக்கரம், குதிரையின் கண் மட்டும் பெரிதாக. ஐந்து தொகுதியையும் அப்படியே சொல்லி முடிக்கும்வரை அவர்கள் இருவரும் எழும்பவில்லை. நான் சொன்ன கதை பிழையாகவும் இருக்கலாம், மகனே. நீ வளர்ந்து அந்த மொழியைப் படித்தால் தேடி வாசித்துப் பார்த்து என்னைத் திருத்து. அதுவரைக்கும் நான் சொல்வதுதான் கதை.

உன் அம்மாவாகப் போகிறவள்